மூழ்கிய மணப்பெண் கரையிறங்கிய நாள்

கப்பலிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி: வாயைத் திறந்து குட் மார்னிங் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். இது எந்தத் தீவு என்று கேளுங்கள். தினம் ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் எனக்கும் குழம்பத்தான் செய்யும். குரங்கு பார்க்க எங்கே போகவேண்டும் என்றுகூடக் கேளுங்கள். எங்கள் டொமினிக்காவில் குரங்கு கிடையாது, கப்பல் வரும் நாட்களைத் தவிர. ஆனால் குட் மார்னிங் சொல்லாமல் மொட்டையாக வந்து நின்று அருவிக்கு எவ்வளவு என்று கேட்டால் எனக்குக் காது கேட்காது. சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கிறவர்களுக்கும் கேட்காது, தபால் ஆபீஸ் பெண்ணுக்கும் கேட்காது. நாங்கள் அப்படித்தான்.

இன்னொன்று, எங்களிடம் ஸ்பானிய மொழியில் பேசாதீர்கள். அது டொமினிக்கன் ரிபப்ளிக். வேறு நாடு. 'ஓலா' என்று ஒருவர் சொன்னால் நான் பொறுமையாகத் திருத்துவேன். ஒரே நாளில் இருபது பேர் சொன்னால் என் நாக்கு என் வசத்தில் இருக்காது.

ரோசோ துறைமுகத்தில் வேன் ஓட்டுகிறேன். பெயர் மார்செலின், பொம்பளைதான். என் வேன் கதவை மெதுவாகச் சாத்தவேண்டும். உலகத்திலுள்ள பணக்கார நாட்டுக்காரர்கள் எல்லோரும் கதவை ஏன் அந்த அறை அறைகிறார்கள் என்று எனக்குப் புரிவதேயில்லை. கதவு என்ன உன் மாமியாரா என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். துறைமுகத்தில் எங்களுக்கு முறை போட்டுக் கொடுக்கும் அதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். அதிலிருந்து எங்கள் தீவின் பட்வா மொழியில்தான் திட்டுகிறேன். சிரித்த முகத்தோடு பட்வாவில் திட்டினால் அவர்கள் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசிப் புத்திமதி ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. வண்டிக்காரர் சொல்வதில் பாதியை நம்புங்கள். எந்தப் பாதி என்று நான் சொல்லமாட்டேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வந்து நின்ற கப்பல் எங்கள் பெரிய மாதா கோவிலைவிட உயரம். கப்பல் வந்தாலே கடைத்தெருவில் வெயில் மறைந்துவிடும். எனக்கு ஐந்து பேர் கிடைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து கோர்டன் என்ற தடித்த மனிதரும் அவர் மனைவியும். இங்கிலாந்திலிருந்து எட்னா என்ற பாட்டியும் அவர் தங்கையும். தனியாக ஒரு பெண், எங்கள் நிறம், நாற்பது தாண்டியவள், முறம் அகலத்துக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. டொராண்டோ என்று சீட்டில் போட்டிருந்தது.

நான்கு பேர் பேசாமல் ஏறினார்கள். அவள் கடைசி. ஒரு காலைப் படியில் வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "குட் மார்னிங்" என்றாள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வண்டிக்குள் இருப்பவர்கள் எல்லோருக்குமாக, காற்றைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிக்கொடுத்துச் சொல்லும் வெளிநாட்டுக்காரர்கள் நம் முகத்தைப் பார்த்து, பல்லெல்லாம் காட்டி, சபாஷ் போடுவோமா என்று காத்திருப்பார்கள். இப்படிப் பொதுவாக வண்டிக்குள் சொல்லிவிட்டு உட்காருகிறவர்கள் எங்கள் தீவில் பிறந்தவர்கள் மட்டும்தான். நானும் பழக்க தோஷத்தில் பதில் சொன்னேன். கதவைப் பூனை நடப்பதுபோல மெதுவாகச் சாத்தினாள். நான் சாவியைத் திருப்பாமல் கண்ணாடியில் பார்த்தேன்.

தொப்பிக்குக் கீழே தாடை தெரிந்தது. தாடையில் மச்சம். வெர்னெட்.

யார் இந்த வெர்னெட் என்றால், என் தம்பி எல்ரிக்கைக் கட்டிக்கொள்ள இருந்தவள். கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடிப்போனவள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்குப் பன்றி அறுத்தாகிவிட்டது. மாதக்கணக்கில் ரம்மில் பழம் ஊறவைத்துக் கறுப்பு கேக் சுட்டு அடுக்கியாகிவிட்டது. எனக்கு ரோஜா நிறத்தில் சாட்டின் கவுன், கை வைத்த இடமெல்லாம் வழுக்கும். மறுநாள் காலை மணப்பெண் இல்லை. கனடாவில் இருக்கிறாள் என்று பிற்பாடு காதில் விழுந்தது. கடலில் மீனாட்டம் நீந்தும் அவளுடைய அப்பா கிளமெண்ட் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாக்காரி ஊர் வாய்க்குப் பயந்து அடுத்த மாதமே வேறு தீவில் மகனிடம் போய்விட்டாள். ஏச்சு வாங்க ஒருவரும் மிச்சமில்லை. இருபது வருஷமாக அந்த ஏச்சு எல்லாம் என் வயிற்றில் அப்படியே கிடந்தது.

தம்பி அழவில்லை. குடித்தான். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். தெற்குக் கரையில் எங்கள் ஊர்க் கடற்கரையில் வாதுமை மரத்தடியில் விழுந்து கிடப்பான். நண்டு அவன் மேல் ஏறிப் போகும். இவன் இனித் தேறமாட்டான் என்று பாதிரியாரே கைவிட்டார்.

அப்போது ஒருநாள் கப்பலில் சுற்றிப் பார்க்க வந்த ஒருத்தி, ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடிப்போய்விட்டாள் என்று சொல்ல ஆண்பிள்ளைக்கு வாய் வருமா? மூழ்கிப்போய்விட்டாள் என்று சொல்லிவிட்டான். கப்பல்காரி விம்மி விம்மி அழுதாள். மறுவாரம் தன் சிநேகிதிகளைச் சேர்த்து அனுப்பினாள். அவர்களுக்கு அழும்போது குடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. தம்பி ரம்மில் பழரசம் சேர்த்துப் பஞ்ச் கலக்க ஆரம்பித்தான். கலக்கிக் கொடுக்கிறவன் குடித்தால் கணக்குத் தப்பும் என்று குடியை விட்டான். அன்றைக்கு விட்டவன்தான்.

கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம் என்பார்கள். என் தம்பி நடக்காத கல்யாணத்துக்கே ஆயிரம் பொய் சொன்னான். வெள்ளையடித்த மரச்சிலுவை ஒன்றைக் கரையில் நட்டு, வெர்னெட் என்று எழுதி, சுற்றிலும் சிப்பி பதித்தான். பக்கத்துத் துறையிலிருந்து தன் பாட்டியைக் கல்யாணத்துக்கு அழைத்து வரத் தனியாகப் படகில் போனாளாம், புயல் வந்ததாம், இவன் விடியும்வரை கடலில் நீந்தித் தேடினானாம். எல்ரிக்குக்கு நீச்சலே தெரியாது. கதையில் எந்த இடத்தில் அழவேண்டும் என்று பக்கத்தில் மீன் கழுவும் ஒஃபீலியாவுக்கு அத்துப்படி. சரியான நேரத்தில் தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைப்பாள். நான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவேன். இறக்கும்போதே என் முகமும் கொஞ்சம் தொங்கிவிடும். ஊரே நாடகக் கம்பெனி. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்கு. வெர்னெட் எங்களுக்கு இறந்தால்தான் ஆயிரம் பொன்.

இப்போது செத்தவள் என் வேனில், மூன்றாவது வரிசையில், ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்வானேன். வாடி மகளே, உன் சமாதியைக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். மலையேறும்போது வழக்கமாகச் சொல்லும் வாழை, ஜாதிக்காய், எரிமலை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் முதல்முறை கேட்பவள்போலத் தலையாட்டினாள். கோர்டன் அந்தப் பெரிய காய் என்ன என்று கேட்டார். ஈரப்பலா என்றேன். எப்படிச் சமைப்பது என்று அவர் மனைவி கேட்டார். எனக்கு முன்னால் வாய் திறக்கப் போன வெர்னெட், சட்டென்று உதட்டைக் கடித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதி மலை ஏறுவதற்குள் என் சந்தோஷம் இறங்கிவிட்டது. இவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் வலிக்கப்போவது இவளுக்கா, அவனுக்கா? அவன் கையெட்டும் தூரத்தில் பத்து ரம் பாட்டில் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை அவன் தொடாமல் இருப்பதே இவள் செத்துவிட்டதால்தான். இவளைப் பார்த்தால் அன்று சாயங்காலமே என் தம்பி திரும்பவும் வாதுமை மரத்தடிக்குப் போய்விடுவான். வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கடற்கரையை விட்டுவிடலாம் என்று முடிவுசெய்தேன். அந்தப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருக்கிறது, நாம் அருவியோடு சந்தைக்குத் திரும்பிவிடலாம் என்று அறிவித்தேன். கோர்டன் தன் போனை என் காதுப் பக்கம் நீட்டினார். மூழ்கிய மணப்பெண்ணைப் பார்க்காமல் டொமினிக்காவை விட்டுப் போகாதீர்கள் என்று யாரோ போட்டிருக்கிறார்களாம், அதற்காகவே என் வண்டியைத் தேடி ஏறினாராம். எட்னா பாட்டி, எனக்கும் அதுதான் ஆசை என்றார். வெர்னெட் பின்னாலிருந்து, ரோடு திறந்துவிட்டார்கள் என்று துறைமுகத்தில் யாரோ சொன்னதாக மெல்லச் சொன்னாள். பச்சைப் பொய். அந்த ரோட்டைப் பற்றி நான் சொன்னதும் பொய் என்பதால் மறுக்கமுடியவில்லை.

அருவியில் மற்ற நால்வரும் படம் எடுக்க மேலே ஏறினார்கள். வெர்னெட் கீழே பாறையில் உட்கார்ந்து வெந்நீர்க் குட்டையில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தொப்பியைக் கழட்டுடி வெர்னெட். காட்டுக்குள்ள யாருக்குடி கறுப்புக் கண்ணாடி."

அவள் திரும்பவில்லை. "எப்பத் தெரிஞ்சுதுக்கா?"

"ஏறும்போதே. ஓடுறவ குட் மார்னிங்கையும் இங்கயே போட்டுட்டு ஓடியிருக்கணும்."

"அது போகலைக்கா. அங்க பஸ்ல ஏறிச் சொன்னா பைத்தியம்னு நகர்ந்து உக்கார்றாங்க. இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

இருபது வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சையெல்லாம் வரிசையாக எடுத்துவிட இதுதான் சமயம். வாயைத் திறந்தால் கேக்குதான் வந்தது. அந்தக் கேக்கை ஈஸ்டர் வரைக்கும் தின்றோம், இன்றைக்கும் உலர்ந்த திராட்சை வாசனை பட்டால் எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொன்னேன். அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி போனே?" என்று கேட்டேன்.

"காரணம்னு ஒண்ணு இருந்தா உங்களுக்கும் திட்ட வசதியா இருக்கும், எனக்கும் சொல்ல வசதியா இருக்கும். இல்லையேக்கா. அவரு நல்லவரு. நான் தலைக்கு வைக்கப் பூ வாங்க ரோசோ வந்தேன். பக்கத்துத் தீவு குவாதலூப் போற படகு நின்னுக்கிட்டிருந்துச்சு. ஏறிட்டேன்."

"படகு நின்னா ஏறிடுவியா?"

"பத்தொம்பது வயசுக்கா."

எனக்கும் ஒரு காலத்தில் பத்தொன்பது வயது இருந்தது. எந்தப் படகும் நின்றதாக ஞாபகமில்லை.

விமானத்தில் வந்தால் தங்கவேண்டியிருக்கும், நாலு வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும், அதற்குத் தைரியம் இல்லை என்றாள். கப்பலில் வந்தால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போய்விடுவான், அதனால்தான் கப்பலில் வந்தாளாம். சொந்த ஊருக்குப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை நான் கேட்டதில்லை. எல்ரிக்கை ஒருமுறை பார்க்கவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

"நீ யாருடி மன்னிப்புக் கேக்க? நீ செத்துட்டே. போன்ல போட்டிருக்கானே, படிக்கலையா? அந்த மணப்பெண் நீதான்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நானா? எப்படிச் செத்தேன்?"

"மூழ்கி."

"நான் மூழ்கினேனா?" மூக்கு விடைத்துக்கொண்டது அவளுக்கு. "முனையைச் சுத்தி நீந்திப் போய்ட்டு வருவேன் நான். கிளமெண்ட் மக தண்ணில போனான்னு எவன் நம்பினான்?"

"கப்பல்காரங்க நம்பறாங்க. அவங்களுக்கு உங்கப்பனைத் தெரியாது."

சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் குடிக்கிறாரா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வருஷம் கிடந்ததை, நண்டு ஏறியதை, கதை அவனை எழுப்பி உட்காரவைத்ததை. நீ போய் அவன் முன்னால் நின்றால் பாட்டில் அவன் கைக்குப் போய்விடும், அதற்கப்புறம் உன் மன்னிப்பை வைத்து நாக்கு வழிக்கக்கூட முடியாது என்றேன். அவள் காலைக் குட்டையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வேனிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள்.

ஓடிப்போனவள் சத்தியத்தை நான் நம்பினேன். அதுதான் என் புத்தி.

கடற்கரையில் வேனைத் தள்ளி ஈரப்பலா மரத்தடியில் நிறுத்தினேன். நால்வரையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்ரிக் வெள்ளைச் சட்டை போட்டு, நரைத்த தாடியும் அதுவுமாக, அகப்பையோடு நின்றான். சோகத்துக்கென்றே செய்த முகம். பஞ்ச்சை ஊற்றி மேலே ஜாதிக்காய் சுரண்டிக் கொடுத்தான். கதையை ஆரம்பித்தான். படகு போனது. மேகம் வந்தது. காற்று திரும்பியது. எட்னா பாட்டி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒஃபீலியா மூக்கைத் துடைத்தாள். கோர்டன் சந்தேகப் பேர்வழி போலிருக்கிறது. உடல் கிடைத்ததா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே தம்பி காத்திருப்பான். கடல் எடுத்ததைக் கடல் திருப்பித் தராது என்று சொல்லி, ஒரு பெருமூச்சு விட்டு, அகப்பையைச் சட்டிக்குள் விடுவான். கதையிலேயே அதிகம் விலைபோகும் இடம் அதுதான். அன்றைக்கும் அதற்காக வாயைத் திறந்தான். அப்போது அவன் கண் எங்கள் தலைகளுக்கு மேலே போனது.

நான் திரும்பிப் பார்த்தேன். வெர்னெட். வேனுக்குள் வெயில் தாங்கவில்லை என்று பிறகு சொன்னாள். மரத்தடி நிழலில் என்ன வெயில்? தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், மணலில் நின்றுகொண்டிருந்தாள். ஒஃபீலியாவின் கத்தி மீனிலேயே நின்றுவிட்டது. அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் பொய்யழுகை அழுதவளுக்கு, செத்தவள் எழுந்து வந்ததாகவே பட்டிருக்கவேண்டும்.

அகப்பையிலிருந்து பஞ்ச் தம்பியின் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கோர்டன் இன்னும் கொஞ்சம் சத்தமாக அதே கேள்வியைக் கேட்டார். நான் அவன் முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்த்தேன், பாட்டில் பக்கம் போகிறதா என்று.

"கிடைக்கலை சார்," என்றான் எல்ரிக். அப்புறம், கதையில் இல்லாததைச் சொன்னான். "கிடைக்காததால சில நாள் ஒரு நெனப்பு வரும். ஒருவேளை அவ மூழ்காம அக்கரை போயிருப்பாளோன்னு. எங்கயோ குளிர்ல பனி வாரிக் கொட்டிக்கிட்டு, கொஞ்சம் உடம்பு போட்டு, உசிரோட இருப்பாளோன்னு."

எட்னா பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படி அவள் ஒருநாள் வந்து நின்றால் என்ன கேட்பாய் என்றார்.

அவன் ஜாதிக்காயை எடுத்துச் சுரண்டிக்கொண்டே இருந்தான். கீழே கோப்பை இல்லை, தூள் மணலில் விழுந்தது.

"நல்லா இருக்கியான்னு கேப்பேன். இருக்கேன்னா, சரி, நல்லா இருன்னு சொல்லுவேன். என்ன பண்றது. அவ செத்ததுலதான் நான் பொழைச்சேன். என்னைக் கட்டியிருந்தா ரெண்டு பேருமா மூழ்கியிருப்போமோ என்னவோ."

கோர்டன் குமுறி அழுதார். அந்த உடம்பு அழுது பார்க்கவேண்டும், மேசை ஆடியது. அவர் மனைவி இன்னொரு பஞ்ச் கேட்டார்.

கதை முடிந்ததும் ஆளுக்கொரு செம்பருத்தியைச் சிலுவையடியில் வைப்பது வழக்கம். எல்ரிக் பூ வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தான். கடைசியாக வெர்னெட்டிடம் வந்து நின்றான். நான் ஓடிப் போய் இருவருக்கும் பக்கத்தில் நின்றேன், எதற்கென்று தெரியாமலே.

"பூ வைக்கிறீங்களா மேடம்?"

"வைக்கிறேன்," என்றாள். பிறகு பட்வாவில், எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "என்னை மன்னிச்சிடு எல்ரிக்."

"இங்க வர்ற எல்லாரும் அழுவாங்க மேடம், பரவாயில்லை," என்றான் அவன், மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி. வாளியை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "ஒரு தடவை வந்தா அதுக்குப் பேரு அற்புதம். இன்னொரு தடவை வராதே. வியாபாரம் கெட்டுடும்."

அவள் ஒரு பூவை எடுத்துக்கொண்டு போய்த் தன் பெயருக்குக் கீழே வைத்தாள். அங்கேயே மண்டியிட்டு அழுதாள். உனக்கு எவ்வளவு இளகிய மனசு என்று எட்னா பாட்டி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக இப்படி அழுகிறாளே என்று கோர்டன் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இப்போது எங்கே எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

திரும்பும் வழியில் நான் வாழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு வெர்னெட் ஜன்னலோரம் நின்றாள். அவர் திரும்பவும் குடிப்பாரா என்று கேட்டாள். அதைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன், வழியை விடு என்றேன். கன்னத்தில் ஒன்று விடவேண்டும் என்றுதான் கையை வெளியே நீட்டினேன். கை போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கே அது பிடிக்கவில்லை. அவள் கப்பல் படியேறும்வரை நிற்காமல் வண்டியைத் திருப்பினேன்.

தெற்கு ரோட்டில் நான் அன்று ஓட்டிய வேகத்தை எந்தக் கப்பல்காரரும் பார்க்காததே நல்லது. ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோசோ பக்கத்திலிருந்து கப்பல் ஊதும் சத்தம் கேட்டது. கரையில் எல்ரிக் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். கடையிலிருந்த அத்தனை ரம் பாட்டிலும் அந்த மேசைமேல் வரிசையாக நின்றன. வேன் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன்.

"குடிச்சியாடா?"

"இல்லை."

"ஊதுடா."

என் மூக்குக்கு நேரே ஊதினான். வறுத்த மீனும் ஜாதிக்காயும்தான் அடித்தது. பாட்டில் எல்லாம் மூடி திறக்காமல் இருந்தன. ஒஃபீலியாவிடம் கொடுத்துவிடப் போகிறேன், கொஞ்ச நாளைக்கு அவள் வீட்டில் இருக்கட்டும் என்றான். அப்போதுதான் பார்த்தேன். சிலுவை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. சிலுவையைப் பிடுங்கி, தோணியோரம் படுக்கப் போட்டிருந்தான். செம்பருத்திகள் மணலில் சிதறிக் கிடந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம் போனதும் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

"அதை ஏன்டா பிடுங்கினே? வியாழக்கிழமை ரெண்டு கப்பல் வருது."

"அவ உசிரோட இருக்காக்கா."

"இது என்னடா புதுசா? உனக்குத்தான் இத்தனை வருஷமாத் தெரியுமே."

"தெரியும். பாக்கலை," என்றான். "பாத்த பெறகு சாகடிக்க மனசு வரலை."

அப்படியானால் வருகிறவர்களுக்கு என்னத்தைச் சொல்வாய் என்று கேட்டேன். நடந்ததைச் சொல்கிறேன் என்றான். கல்யாணத்துக்கு முதல்நாள் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்வானாம். எனக்கு அவனை அந்த அகப்பையாலேயே நாலு போடலாம் போலிருந்தது. பிழைக்கத் தெரியாதவனே, கெட்டதில் ஒரு நல்லதாக இந்தக் கதையாவது கிடைத்ததே, அதையும் கடலில் போடுகிறாயே என்று கத்தினேன்.

"மூழ்கினவன்னா அழுவாங்க. ஓடினவன்னா உன்னைப் பாத்துச் சிரிப்பாங்கடா. ஓடிப்போனவ கதைக்கு எவன்டா அழுவான்?"

"நான் அழறேன்கா," என்றான்.

கல்யாணம் நின்ற அன்று அவன் அழவில்லை. குடித்துக் கிடந்தபோதும் அழவில்லை. கப்பல் கப்பலாக மற்றவர்களை அழவைத்தானே தவிர, அவன் கண்ணில் ஒரு சொட்டு நான் பார்த்ததில்லை. இப்போது அழுதான். கதை சொல்லும்போது வரும் அந்த அழகான சோகமெல்லாம் முகத்தில் இல்லை. மூக்கு ஒழுக, வாய் கோணிக்கொள்ள, பச்சைப்பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். ஒஃபீலியா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எந்தக் கப்பல்காரரும் பஞ்ச் வாங்கிக்கொண்டு நின்று பார்க்கக்கூடிய அழுகை இல்லை அது. நான் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.